ஜன்னல் திரையில் தைத்த கோட்டும் சிலுவாரும்

தோட்ட அலுவலக நடைமுறை விதிகள், விதி பதினொன்று: "ஆய்வு நாளில் அலுவலகப் பணியாளர்கள் முழுக்கால்சட்டையும், அதே துணியில் தைத்த கோட்டும் அணிந்து வரவேண்டும். ஏனையோர் தத்தம் வழக்கப்படி உடுத்தி வரலாம்."

பின்னாளில் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து, விதிகளை நகலெடுத்தும் திருத்தியும் சில சமயம் நானே எழுதியும் ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு விதி என்றால் அது யாருக்கு, எப்போது, மீறினால் என்ன என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். இந்த விதியில் மூன்றாவது இல்லை. அந்தக் குறையை ஜப்பான்காரர்கள் வந்து நிரப்பினார்கள்.

ஆனால் அவர்கள் காலத்தில் இந்த விதி நடப்பில் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. அதை எழுதிய வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மலையில் எங்களுக்கு அருகிலிருந்த ஊரான தானா ராத்தாவில் ஒட்டியிருந்த அறிவிப்பு, புதிய ஆட்சிக்கு முரணாக இல்லாத பழைய விதிகள் தொடரும் என்றது. எவை முரண் என்று சொல்லவில்லை. கோட்டு முரணா, கால்சட்டை முரணா, இரண்டும் ஒரே துணியில் இருப்பது முரணா? பெரிய கிராணியிடம் கேட்டால், "அதெல்லாம் கேக்கப்படாதும்மா. கேட்டா பதில் சொல்லிடுவான்" என்றார். அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அவர்.

என் கணவர் அங்கே இரண்டாவது எழுத்தர், சின்னக் கிராணி. எங்கள் வீடு தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன்களுக்கு மேலே, தேயிலைச் சரிவின் விளிம்பில் இருந்தது. நான் ஈப்போவில் கான்வென்ட் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்தவள். அவர் அவ்வளவு படிக்கவில்லை, ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆகவே தோட்டத்துக் கடிதங்களில் பாதியை எங்கள் சமையலறை மேசையில் நான் சொல்ல அவர் எழுதுவார். இது பெரிய கிராணிக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் நடைமுறை.

அந்தச் சித்திரை மாதத்தில் காய்கறி லோரிக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ரிங்லெட் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு ஜப்பான் அதிகாரி வந்தாராம். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறாராம். ஆண்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, பெயர்ப் பதிவேட்டைத் திறக்கவே இல்லையாம். கோட்டும் கால்சட்டையும் போட்டவர்கள் வலப்பக்கம். வேட்டியும் சாரோங்கும் கட்டியவர்கள் இடப்பக்கம். இடப்பக்கத்தில் திடமானவர்களை லோரியில் ஏற்றிவிட்டார். அந்தத் தோட்டத்துக் கிராணி ஒருவர் கால்சட்டை கிழிந்துபோனதால் சாரோங்கில் வந்திருந்தார். அவரும் லோரியில் போய்விட்டார்.

"அடுத்தது உங்க தோட்டம்தான் லா. பன்னெண்டு நாள்ல" என்றார் லோரிக்காரர்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு இது.

"என் வெள்ளைக் கோட்டும் சிலுவாரும் எங்கே?" என்றார் என் கணவர். சிலுவார் என்றால் கால்சட்டை. மலாய்ச் சொல்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் அதைத் தமிழில்லை என்று யாரும் நினைத்ததில்லை.

"போன மாசமே அரிசிக்கும் உப்புக்கும் பாய் கடையில மாத்தியாச்சே. நீங்கதானே மாத்திடுன்னு சொன்னீங்க?"

"நான் சொன்னது பழைய கோட்டை."

"இருந்ததே ஒரு கோட்டு. அதுல எது பழசு, எது புதுசு?"

அவர் யோசித்துப் பார்த்தார். நானும் யோசித்தேன். அவர் சொன்னாரா, நானாக எடுத்துப் போனேனா என்பது இருவருக்கும் குழப்பமாகிவிட்டது. அரிசியைச் சாப்பிட்டது மட்டும் இருவருக்கும் நினைவிருந்தது. மறுநாள் தானா ராத்தாவுக்கு நடந்து போய்ப் பாய் கடையில் கேட்டேன்.

"அது கீழே தாப்பாவுக்குப் போயிடிச்சேம்மா" என்றார் கடைக்காரர். "எவனோ கல்யாணத்துக்குக் கேட்டான். இந்த நேரத்துல கல்யாணம் பண்றவன் துணிச்சல்காரன்னு குடுத்துட்டேன்."

"வேற துணி ஏதாவது?"

"என் கைலியைத்தான் அவுத்துக் குடுக்கணும். வேணுமா?"

துணி எங்குமே இல்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் எட்டு ஜன்னல்களுக்கு இருந்தது. துரை பங்களாவின் வரவேற்பறையில் கெட்டியான கரும்பச்சைத் திரைகள் தொங்கின. பங்களா எதிரிச் சொத்து. கதவில் முத்திரைக் காகிதம் ஒட்டி, சாவியைப் பெரிய கிராணியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே இருப்பவற்றுக்குப் பட்டியல் உண்டு. அதில் "திரை, ஜன்னல், எட்டு" என்று என் கணவரே எழுதியிருந்தார்.

பெரிய கிராணி பின்கதவைத் திறந்துவிட்டார். அதில் முத்திரை ஒட்ட மறந்திருந்தார்கள்.

"ரெண்டு எடுத்துக்க தம்பி. அவன் எண்ணவா போறான்?"

"எண்ணிட்டா?" என்றார் என் கணவர்.

"எண்ணிட்டா எட்டுங்கறத ஆறுன்னு திருத்திடு. உன் கையெழுத்துதானே?"

நான்தான் தடுத்தேன். பதிவேட்டைத் திருத்துவது குற்றம், அனுமதி கேட்காமல் எடுப்பது அதைவிடப் பெரிய குற்றம் என்றேன். இரண்டுக்கும் தலையை வெட்டுவார்கள் என்பது ஊர்ப் பேச்சு. எனக்கு அதைவிட, கேட்காமல் எடுப்பது என்பதே பிடிக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன்.

எனவே கடிதம் எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதக்கூடாது என்று உத்தரவு. ஜப்பான் மொழி தெரியாது. மலாயில் எழுதினோம். பொருள்: விதி பதினொன்று. கேள்வி ஒன்று: அந்த விதி நடப்பில் உள்ளதா? கேள்வி இரண்டு: உள்ளதெனில், அதற்கிணங்க ஆடை தைத்துக்கொள்ள எதிரிச் சொத்திலிருந்து இரண்டு திரைகளை அலுவலகப் பணியாளர் ஒருவருக்கு அனுமதிக்க இயலுமா? மூன்று பிரதிகள். லோரிக்காரரிடம் கொடுத்தபோது உறையைக் கையில் எடை பார்த்தார்.

"திரைத்துணி வேணும்னு ஜப்பான்காரனுக்கே சுராட் போட்டிருக்கீங்களா?" என்றார். சுராட் என்றால் கடிதம். "கிராணியம்மா, திருடப் போறவன் போலீசுக்கு லீவு லெட்டர் எழுதின மாதிரி இருக்கு."

மூன்று நாள் பார்த்தோம். பதில் இல்லை. லோரிக்காரர் சொன்ன பன்னிரண்டில் நாலு போய், மிச்சம் எட்டு நாள். அலுவலக நடைமுறையில் இதற்கு ஒரு வழி உண்டு. அனுமதியை எதிர்நோக்கி வேலையைத் தொடங்கலாம், அனுமதி வந்ததும் சரிப்படுத்திக்கொள்ளலாம். அப்படியே இரண்டு திரைகளைக் கழற்றினோம்.

நான் அதுவரை தைத்தது தலையணை உறையும் என் ரவிக்கையும். கால்சட்டையை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர அது எப்படி உருவாகிறது என்று யோசித்ததில்லை. பங்களா அலமாரியில் லண்டன் தையற்கடை ஒன்றின் படப் புத்தகம் கிடந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் அச்சானது. அதை எடுத்துவரவில்லை. அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். பார்ப்பதற்கு அனுமதி வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். மீசையை முறுக்கிவிட்ட கனவான்கள் கைத்தடியோடு நின்றார்கள். கோட்டு கழுத்துக்கு அருகிலேயே தொடங்கி நாலு பொத்தான்களில் இறங்கியது. கால்சட்டையின் இடுப்பு மார்பு வரைக்கும் ஏறியிருந்தது. கால் இரண்டும் ஒட்டிப் பிடித்துக் குறுகலாக இருந்தன. உலகத்தில் வேறு யாரும் நாங்கள் தைத்த காலத்தில் அப்படி உடுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கையில் இருந்த மாதிரி அது ஒன்றுதான். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டும் மெல்லிய காகிதத்தை விரித்து, படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். கனவான்களுக்குத் தொந்தி இருந்தது. என் கணவர் ஒரு வருஷமாக மரவள்ளிக்கிழங்கில் உயிர் வாழ்ந்தவர். எவ்வளவு குறைப்பது என்று புரியாமல், தொந்தி இருக்கும் இடத்தில் பாதியை வைத்துக்கொண்டு பாதியை விட்டேன்.

தையல் மிஷின் தோட்டத்தில் ஒன்றே ஒன்று, கங்காணியின் மனைவியிடம். கையால் சுற்றும் மிஷின். கங்காணி என்றால் ஆட்களை வேலைக்கு நிறுத்தி மேய்க்கும் தலைவர். அவருக்கு நாற்பது வயதுக்குள்தான். எப்போதும் கறுப்புக் கோட்டு, கீழே வெள்ளை வேட்டி, தலையில் தலைப்பாகை. அது எல்லாக் கங்காணிகளுக்கும் உள்ள உடை. அவர் மனைவி என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிடுவேன். எனக்குப் படிப்பு, அவளுக்குக் கை. நான் வரைந்தேன், அவள் தைத்தாள். கோட்டுக்குள் விறைப்புக்குச் சாக்கு வைத்தோம். பழைய மழைக்கோட்டிலிருந்து பொத்தான். நூல், பங்களாத் திரையின் ஓரத்திலிருந்தே உருவியது.

வெட்டியது நான். அங்கேதான் தவறு நடந்தது. திரை அகலம் குறைவு என்பதால் துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து, காகிதத்தை வைத்து ஒரு காலுக்கு முன்துண்டும் பின்துண்டும் வெட்டினேன். பிறகு அதே காகிதத்தை அதே பக்கமாக வைத்து மறுபடி வெட்டினேன். அக்கா இரண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தரையில் வைத்து எழுந்து நின்று பார்த்தாள்.

"கிராணியம்மா, கிராணி ஐயாவுக்கு ரெண்டு காலும் இடது காலா?"

எனக்குப் புரியவில்லை. அவள் என் இரண்டு கைகளையும் எடுத்து மேசையில் வைத்து, ஒன்றைக் கவிழ்த்து ஒன்றை மல்லாத்திக் காட்டிய பிறகு புரிந்தது. காகிதத்தைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும்.

"பரவால்ல லா. ஒண்ண பொரட்டிப் போட்டு தெச்சிடலாம்" என்றாள்.

புரட்டிப் போடலாம்தான். ஆனால் திரையின் ஒரு பக்கம் அறையைப் பார்த்துத் தொங்கியது, கரும்பச்சை. மறுபக்கம் வெயிலைப் பார்த்துத் தொங்கியது, வாடிய புல் நிறம். புரட்டினால் ஒரு கால் இருட்டும் ஒரு கால் வெளிச்சமுமாக இருக்கும். "அதே துணியில்" என்கிறது விதி. இரு நிறக் கால்சட்டை அதே துணிதானா? துணி அதுதான், பக்கம்தான் வேறு. விதி எதைக் குறிக்கிறது? அரை நாள் இதை யோசித்தேன். ஒரு மனிதன் சயாமுக்குப் போவதும் போகாததும் இதைப் பொறுத்தது என்று நிஜமாகவே நம்பினேன். கடைசியில் மூன்றாவது திரையைக் கழற்றி வலது காலை வெட்டினேன்.

கடிதத்தில் கேட்டது இரண்டு. எடுத்தது மூன்று. ஆகவே துணைக் கடிதம் ஒன்று எழுதினோம். "முன்னர்க் குறிப்பிட்ட கடிதத்தின் தொடர்ச்சியாக, வெட்டியதில் நேர்ந்த பிழையினால்..."

"பிழைன்னு ஏன் போடணும்? தேவைன்னு போடேன்" என்றார் என் கணவர்.

"பிழைதானே?"

"என் கழுத்துக்குக் கயிறு நீயே திரிச்சு, அளவு சரியா இருக்கான்னு அவங்கிட்ட கேக்குற."

ஆனாலும் எழுதினார். அவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

தைக்கத் தொடங்கிய ஆறாம் நாள் கோட்டும் கால்சட்டையும் முழுதாகிவிட்டன. அவர் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கங்காணி அந்தப் பக்கமாக வந்தவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"கிராணி ஐயா, நடந்தா பங்களா ஜன்னலே நடந்து வர்ற மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் இழுத்து மூட கயிறு வெக்கலையா?"

"சிரிக்காதீங்க கங்காணி. உங்களுக்கு என்ன ஏற்பாடு?"

"எனக்கென்ன லா? மேல கோட்டு, கீழ வேட்டி. பாதி ஆபீசு, பாதி மலை. எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதி ஆளு இந்தப் பக்கம் நிக்கும்."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, ஆய்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவள் என் சமையலறைக்கு வந்தாள். மேசையில் மீதமிருந்த அந்த இடது கால், வெட்டி முடித்தது, மடித்து வைத்திருந்தது.

"கிராணியம்மா, அவரு சிரிக்கிறாரு. மேல கோட்டு இருந்தா போதுமா? கீழே பாத்துத் தள்ளிட்டான்னா?"

"கங்காணிய எடுக்க மாட்டாங்க அக்கா. ஆளுகள யாரு மேய்க்கிறது?"

"எடுக்க மாட்டாங்கன்னு எந்த கெர்தாஸ்ல போட்டிருக்கு?" என்றாள். கெர்தாஸ் என்றால் காகிதம். எந்தக் காகிதத்திலும் போட்டிருக்கவில்லை.

"ஒரு காலு வெட்டியே கெடக்கு" என்றாள். "இன்னொரு காலுக்குத்தான் துணி கேக்குறேன். அஞ்சு திரை தொங்குதே. ஒண்ணு எறக்கிக் குடுங்க. ஒரே நாள்ல தெச்சிடுவேன்."

"கடிதத்துல அலுவலகப் பணியாளருக்குன்னு போட்டிருக்கு அக்கா. கங்காணி அலுவலகப் பணியாளர் இல்லையே."

"அப்ப இன்னொரு சுராட் எழுதுங்க."

"முதல் ரெண்டுக்கே பதில் வரல. அது வராம அதே விஷயத்துல மூணாவது எழுதக்கூடாது."

"அப்ப எழுத வேணாம். துணியக் குடுங்க."

"எழுதாம குடுக்கக்கூடாது அக்கா."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபம் இல்லை. நான் ஏதோ வேறு மொழி பேசுவதுபோல, அதைப் புரிந்துகொள்ள முயல்வதுபோலப் பார்த்தாள். பிறகு கோட்டின் கழுத்துப்பட்டை சரியாக மடியவில்லை, அதைச் சரிசெய்து தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்தாள்.

நிலுவையிலுள்ள விஷயம் குறித்துப் பதில் வரும் முன் புதிய கடிதம் அனுப்பக்கூடாது. இப்படி ஒரு நடைமுறை உண்மையிலேயே உண்டு. நானே பின்னாளில் பலருக்கு அதைச் சொல்லி, அவர்கள் மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று அவள் போன பிறகு மூன்றாவது கடிதத்தை எழுதத்தான் செய்தேன். கங்காணிக்கு ஒரு திரை வேண்டி. பதில் வந்த அன்றே அனுப்பலாம் என்று தேதி போடாமல் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஆய்வு நாள் காலை ஒன்பது மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். எந்த ஒன்பது என்று சொல்லவில்லை. ஜப்பான்காரர்கள் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். தோட்டத்து மணி பழைய நேரத்துக்கே அடித்தது. அவர்களுடைய ஒன்பது எங்களுடைய ஏழரை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆறரைக்கே எல்லா ஆண்களும் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் நின்றார்கள். பெண்கள் நாங்கள் மேட்டில் நின்றோம். பனி இறங்கி, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே சரியாகத் தெரியவில்லை. அதிகாரி வந்தபோது அது இரண்டு நேரத்தின்படியும் ஒன்பது இல்லை.

கண்ணாடி போட்ட இளைஞர். வாத்தியார் போல இருந்தார். கூட மலாய் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். லோரிக்காரர் சொன்னது பொய்யில்லை. பதிவேட்டைத் திறக்கவில்லை. பெரிய கிராணி நரைத்த வெள்ளைக் கோட்டிலும் கால்சட்டையிலும் நின்றார். விரல் வலப்பக்கம் போயிற்று. சாரோங், இடம். வேட்டி, இடம். சாரோங், இடம்.

என் கணவர் முன்னால் விரல் நின்றுவிட்டது.

அதிகாரி கோட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். உள்பக்கத்தைப் புரட்டினார். வெளிர்ப் பக்கம் தெரிந்தது. ஏதோ கேட்டார்.

"இது ஜன்னல் திரையான்னு கேக்குறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர் மலாயில்.

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றிருப்பார்கள். என் கணவர் ஆமாம் என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து இரண்டு கடிதங்களின் பிரதிகளையும் எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொல்லச் சொல்ல அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு இடது கால் பற்றிய பத்தி வந்தபோது மறுபடி படிக்கச் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டார்:

"பதில்?"

"பெலும், துவான்." இன்னும் வரவில்லை ஐயா.

அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. விரலை வலத்துக்கும் நீட்டவில்லை, இடத்துக்கும் நீட்டவில்லை. கொட்டகையின் தாழ்வாரத்தைக் காட்டினார். பதில் வரும்வரை இவர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அது இரக்கமா, சோம்பலா, அவர்கள் அலுவலகத்திலும் நம்முடையதைப்போல் ஒரு விதி இருந்ததா? பல வருஷம் யோசித்திருக்கிறேன். தெரியவில்லை.

அடுத்து நின்றவர் கங்காணி. அதிகாரி கோட்டைப் பார்த்தார். விரல் வலப்பக்கம் எழுந்தது. வேட்டியைப் பார்த்தார். விரல் நின்றது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவருக்கும் குழப்பம்தான். பிறகு தாழ்வாரத்தில் நின்ற என் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கங்காணியிடம் ஏதோ கேட்டார்.

"உங்கிட்ட சுராட் இருக்கான்னு கேக்குறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

கங்காணி மேட்டைப் பார்த்தார். அவர் மனைவியைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா தெரியாது. நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

"இல்லீங்க" என்றார்.

விரல் இடப்பக்கம் போயிற்று.

லோரி வரும்வரை அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணியில் ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்திருக்கலாம். தேதி இல்லாத, அனுப்பாத கடிதம் ஒரு கடிதமா? அதை நீட்டுவது மோசடியா? இதைத்தான் நான் மேட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் லோரி வளைவைத் தாண்டிவிட்டது. கங்காணி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, "மிஷினுக்கு எண்ணெய் விடு புள்ள!" என்று மனைவியிடம் கத்தினார். அவ்வளவுதான்.

அவர் திரும்பி வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாங்கள் காத்திருந்ததுபோல் படிப்பவர்களும் காத்திருக்க வேண்டாம்.

மறுநாள் என் கணவர் அலுவலகத்துக்குப் போனார். பெரிய கிராணி அவரைப் பார்த்து, "தம்பி, இப்ப நீ யாரு?" என்று கேட்டார். கேலியில்லை. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத ஆளை நாற்காலியில் உட்காரச் சொல்லலாமா என்பது அவருடைய உண்மையான சந்தேகம். கடைசியில் ஜன்னலோரமாக ஒரு தேயிலைப் பெட்டியைப் போட்டுக் கொடுத்தார். அரிசி அட்டையிலும் பெயர் இல்லை. என் பங்கில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். தினமும் அந்தப் பச்சைக் கோட்டையும் சிலுவாரையும் போட்டுக்கொண்டே போனார். இரண்டாம் முறை ஆள் எடுக்க வந்தபோது பிரதிகளைக் காட்டினார். "பெலும்" என்றார். தாழ்வாரத்தில் நின்றார். எந்தப் பதிலுக்காக முதலில் நாள்களை எண்ணினோமோ அது வந்துவிடக்கூடாதே என்று இப்போது பயந்தோம். இல்லை என்று வந்தால் துணி திருடியவர், இடப்பக்கம்கூட இல்லை, தலைதான் போகும். ஒவ்வொரு முறை லோரிச் சத்தம் கேட்கும்போதும் அவர் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொள்வார்.

அக்கா மூன்றாம் நாளே வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஏதோ ஒன்று தெளிவாகியிருக்கும்.

"ஒரு சுராட் எழுதுங்க கிராணியம்மா. அவர எங்க வெச்சிருக்காங்கன்னு" என்றாள். பிறகு தயங்கி, "இது வேற விஷயம்தானே? எழுதலாமில்ல?"

எழுதலாம் என்றேன். எழுதினேன். பதில் வராமல் அதே விஷயத்தில் மறுபடி எழுதக்கூடாது என்பதை அடுத்த மாதம் நான் சொல்லவில்லை. மறுபடி எழுதினேன். அதற்கடுத்த மாதமும் எழுதினேன். நடைமுறைக்கு மாறாக நான் வாழ்க்கையில் அனுப்பிய கடிதங்கள் அவை மட்டும்தான். லோரிக்காரர் இப்போது எடை பார்ப்பதில்லை. வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் காலை அக்கா என் வீட்டில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். லோரி நின்றது. லோரிக்காரர் இறங்கிவந்து நீளமான உறை ஒன்றை நீட்டினார். சிவப்பு முத்திரை. அக்கா கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"வந்திடிச்சு" என்றாள். "பிரிங்க."

என் கணவர் அலுவலகத்தில் இருந்தார். நான் பிரித்தேன். மலாயில் நாலு வரி. முதலில் மனதுக்குள் படித்தேன். மறுபடி படித்தேன்.

"என்ன போட்டிருக்கு? உசுரோட இருக்காரா?"

"இது அவரப் பத்தி இல்ல அக்கா."

"பின்ன?"

"திரையைப் பத்தி."

படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டினேன். விதி பதினொன்று நடப்பில் இல்லை. மேற்படி திரைகள் இந்த அலுவலகத்துக்குத் தேவையில்லை. தோட்டத்து ஆட்கள் எவரும் தேவையான அளவு எடுத்துக்கொள்ளலாம். இது குறித்து மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை.

"எவருமா?" என்றாள்.

"எவரும்."

"அவரப் பத்தி ஒரு வரிகூட இல்லியா? பின்பக்கம் பாருங்க."

பின்பக்கம் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. அவள் உறையை வாங்கி, வாயைத் திறந்து உள்ளேயும் பார்த்தாள். பிறகு அதை என்னிடமே கொடுத்துவிட்டு உட்கார்ந்து கத்தியை எடுத்தாள்.

கடிதங்கள் வரும்போது எழுதிய தேதி, வந்து சேர்ந்த தேதி என இரண்டையும் குறிப்பது என் வழக்கம். அன்றும் குறித்தேன். எழுதிய தேதி, எங்கள் தோட்டத்தில் ஆய்வு நடந்ததற்கு நாலு நாள் முந்தியது. வந்து சேர்ந்தது, புரட்டாசி மாதம் இரண்டாவது சனிக்கிழமை.